கருவுற்ற தாய்க்குச் சட்டம் தரும் காவல்

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில், தாய் சேய் நலம் குறித்து ஒரு மாலை நாம் உரை நிகழ்த்தினோம். உரை முடிந்து ஆண்கள் தேநீர் அருந்த எழுந்து சென்ற பின்னர், மூதாட்டி ஒருவர் நம்மை அணுகினார். அவருக்குப் பின்னால், ஏழு மாதக் கருவைச் சுமந்த இளம்பெண் ஒருத்தி தலை கவிழ்ந்து நின்றாள். "ஐயா, என் பேத்திக்குக் கோயிலில்தான் தாலி கட்டினோம். பதிவிலாகாவில் எழுதவில்லை. அவன் கை நீட்டினால் கேட்பதற்கு இவளுக்குச் சட்டம் உண்டா?" என்று அம்மூதாட்டி வினவினார்.

உண்டு என்று கூறினோம். அந்த விடையை அவ்விருவர் மட்டுமே கேட்டனர். அன்று மண்டபத்தில் அமர்ந்திருந்த அனைவரும், இப்பக்கத்தைப் படிக்கும் பிற தோட்டத்தாரும் அதனை அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

நமது நாட்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1996-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அது தானாகக் கனிந்து விழுந்த கனியன்று. 1982-ஆம் ஆண்டில் அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் அமைத்த மகளிர் உதவிக் கழகமும், 1985-ஆம் ஆண்டு முதல் அதனோடு கைகோத்த பிற மகளிர் அமைப்புகளும் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் வற்புறுத்தியதன் பயனாகவே அச்சட்டம் பிறந்தது. அதற்கு முன்னர், கணவனிடம் அடிபட்ட பெண் காவல் நிலையத்துக்குச் சென்றால், "இது வீட்டு விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்னும் விடையையே பெரும்பாலும் பெற்றுத் திரும்பினாள். தோட்டங்களிலோ காவல் நிலையம் வரை செல்வதே அரிது. தோட்டத் தலைவர் முன்னிலையில் ஒரு பஞ்சாயத்து கூடும். கணவனுக்கு ஓர் அறிவுரை, மனைவிக்கு இரண்டு அறிவுரை. அத்துடன் வழக்கு முடிந்துவிடும்.

மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது முதல், முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் பதிவு செய்யப்படுதல் வேண்டும். பதிவு இல்லையேல், வாழ்க்கைப் பொருளுதவி கோருவதிலும், கணவன் இறந்த பின் உரிமை கோருவதிலும் மனைவி பெருந்தொல்லைக்கு ஆளாவாள். ஆகவே பதிவு செய்யாதோர் காலந்தாழ்த்தாது பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், குடும்ப வன்முறைச் சட்டத்தை இயற்றியோர் இக்குறையை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். தத்தம் சமயத்தின்படியோ வழக்கத்தின்படியோ மணச்சடங்கு நிகழ்த்தி வாழ்வோரும், அம்மணம் பதிவாகாதிருப்பினும், அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவரே. கோயிலில் ஏறிய தாலிக்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. மணவிலக்குப் பெற்ற முன்னாள் மனைவிக்கும், குழந்தைகளுக்கும், வீட்டிலுள்ள முதியோர் போன்ற பிற உறவினர்க்கும் அது பொருந்தும்.

இனி, கருவுற்ற பெண்ணை அடிப்பது ஏன் பிற அடிகளினும் கொடியது என்பதைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். வெளியே காயமில்லையே என்று அமைதியடைந்து, அதனாலேயே உயிரிழப்பு நேரக் கூடும்.

கருப்பையில் வளரும் குழந்தை, நச்சுக்கொடியின் வழியாகவே தாயிடமிருந்து உணவும் உயிர்வளியும் பெறுகிறது. நச்சுக்கொடி கருப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் விழும் ஒரு குத்து, ஓர் உதை, அல்லது தள்ளிவிடப்பட்டுப் படிக்கட்டில் விழும் ஒரு வீழ்ச்சி, அவ்வொட்டைப் பிரித்துவிடக் கூடும். பிரிந்த இடத்தில் இரத்தம் கசிந்து உள்ளேயே தேங்கலாம்; வெளியே ஒரு துளியும் தென்படாமற் போகலாம். சில மணி நேரத்துக்குப் பின் வயிறு கல்லைப் போல் இறுகும். வலி விட்டு விட்டு வராமல் ஓயாது நிற்கும். குழந்தையின் அசைவு குறையும். அந்நிலையில் தாய், சேய் ஆகிய இரு உயிரும் ஆபத்தில் இருக்கின்றன என்பது பொருள். பற்றுப் போட்டுப் படுத்துறங்கி, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என எண்ணுதல் ஆகாது. மருத்துவமனையில் குழந்தையின் இதயத்துடிப்பைச் சில மணி நேரமேனும் தொடர்ந்து கண்காணிப்பர். தாயின் இரத்த வகை நெகட்டிவ் ஆயின், அவளுக்குத் தனியே ஓர் ஊசி மருந்தும் தேவைப்படலாம். இவை தோட்டத்து மருந்தகத்தில் நடைபெறக் கூடியவை அல்ல.

வயிற்றில் அடித்தால்தான் கேடு என்று எண்ணுவதும் தவறு. கன்னத்தில் அறைந்தாலும், பட்டினி போட்டாலும், இரவெல்லாம் அச்சுறுத்தினாலும், தாயின் உடல்நலமும் மனநலமும் கெடுகின்றன. நிறைமாதம் ஆகுமுன் பிறக்கும் குழந்தைகளும், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் இத்தகைய தாய்மாரிடையே மிகுதி என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. மேலும், அடி வாங்கும் பெண் கிளினிக்குக்குச் செல்லத் தயங்குவாள். முகத்தில் வீக்கம் வற்றட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவாள். கணவன் விடவில்லை என்று மறுவாரமும் தள்ளிப்போடுவாள். தாய் சேய் நலக் கிளினிக்கில் வழங்கப்படும் இளஞ்சிவப்பு நிறப் புத்தகத்தில் பல வாரங்களுக்கு எழுத்தே இல்லாதிருப்பின், அதனைக் காணும் தாதி அதன் காரணத்தை அக்கறையோடு வினவுதல் நலம்.

இக்கொடுமை எங்கோ ஓரிரு இல்லங்களில் நிகழ்வதன்று. உலகச் சுகாதார நிறுவனம், தாய்லாந்து, வங்காளதேசம், ஜப்பான், பெரு முதலிய பத்து நாடுகளில் பல்லாயிரம் பெண்களை வினவி, 2005-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒருமுறையேனும் கருவுற்ற பெண்களுள், அக்காலத்தில் அடிபட்டோர் ஜப்பானிய நகரமொன்றில் நூற்றுக்கு ஒருவர். பெரு நாட்டின் நாட்டுப்புறப் பகுதியொன்றில் நூற்றுக்கு 28 பேர். ஆய்வு நடந்த பெரும்பாலான இடங்களில், கருவுற்றபோது அடிபட்டோருள் நான்கில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ பட்டவர். அடித்தவர் யார்? பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில், வயிற்றில் வளர்ந்த அக்குழந்தையின் தந்தையே. இக்கணக்கைப் படித்தபோது நாம் சற்று நேரம் தாளை மடித்து வைத்துவிட்டோம்.

தன் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணை ஒருவன் ஏன் அடிக்கிறான்? கள்ளும் சாராயமும்தான் காரணம் என்று தோட்டங்களில் கூறுவர். குடி பல குடும்பங்களைச் சீரழித்தது உண்மை. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எத்துணை குடித்திருப்பினும், அவன் வழியில் எதிர்ப்படும் தண்டலை அடிப்பதில்லை, கிராணியை அடிப்பதில்லை. தள்ளாடியபடியே லயம் வரை நடந்து, தன் வீட்டுக் கதவைச் சாத்திய பின்னரே கை ஓங்குகிறான். திருப்பி அடிக்க இயலாதவள் யார் என்பதை மறக்கும் அளவுக்கு அவன் மயங்கிவிடவில்லை.

வேறு காரணங்களும் உண்டு. கணவனும் மனைவியும் பால் வெட்டி வந்த குடும்பத்தில், ஆறாம் ஏழாம் மாதத்தில் அவள் மலைச்சரிவில் ஏறி மரம் வெட்ட இயலாமற் போகிறது. வருமானம் குறைகிறது. அவள் உடல் தளர்கிறது. அவன் சொல்லுக்கு முன்போல் எழுந்தோட முடிவதில்லை. பொறாமையும், பொருளற்ற ஐயமும், ஆண்குழந்தை வேண்டும் என்னும் ஆசையும் சிலரிடம் சேர்ந்துகொள்கின்றன. வருமானத்தைப் பொறுத்தவரை ஒன்று கூறலாம்: 2023-ஆம் ஆண்டு சனவரி முதல், வேலைச் சட்டத்தின்படி மகப்பேற்று விடுமுறை 98 நாளாக உயர்ந்துள்ளது. அதற்கு முன் அது 60 நாளாக இருந்தது. தகுதியுடைய பெண் தொழிலாளிக்கு அந்நாட்களுக்குரிய அலவன்சும் உண்டு.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்ற நாட்களில், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு சிறுவனைப் பிறர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். முன்னிரவில் அடிபட்டு மயங்கிய தாயோடு அவன் விடியும்வரை மருத்துவமனை வாயிலில் அமர்ந்திருந்தான் என்பதை மறுநாள் வேறொருவர் கூறக் கேட்டோம். அச்சிறுவன் அதனை நம்மிடம் கூறவில்லை. பிள்ளைகள் கூறுவதில்லை.

பெண்கள் கூறாமைக்கு ஒரு பெருங்காரணம் வீடு. தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடும் போகும். கணவன் மீது புகார் செய்தால், அவன் வேலை போய்விடுமோ, பிள்ளைகளோடு தெருவில் நிற்க நேருமோ என்னும் அச்சமே பலரின் வாயைக் கட்டுகிறது. இவ்வச்சம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. படைவீரர் குடும்பங்களிலும் இதே நிலைதான்: குடியிருப்பு பதவியோடு வருவது, அண்டை வீட்டார் அனைவரும் கணவனோடு பணிபுரிவோர், மேலதிகாரியின் காதுக்கு எட்டினால் கணவனின் எதிர்காலம் கெடும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஃபோர்ட் பிராக் என்னும் இராணுவத் தளத்தில் 2002-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டுக் கோடையில், ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள், அத்தளத்துப் படைவீரர் நால்வரின் மனைவியர் தத்தம் கணவராலேயே கொல்லப்பட்டனர். அக்கணவர்களுள் மூவர் ஆப்கானிஸ்தானில் பணியாற்றித் திரும்பியவர். போர்க்களக் கொடுமையே அவர்களை அவ்வாறு ஆக்கியது என்று பலரும் எண்ணினர். ஆனால், இராணுவம் அனுப்பிய ஆய்வுக்குழு அதனோடு நிற்கவில்லை. அக்குடும்பங்களில் மணவாழ்க்கைப் பூசல்கள் இருந்தன. உதவி நாடினால் பதவி உயர்வு கெட்டுவிடும் என்னும் அச்சம் தளத்தில் பரவியிருந்தது. ஆகவே உதவி கிடைக்கும் இடம் இருந்தும் அதனை நாடத் தயங்கினர் என்று அது கண்டது. படைமுகாமானாலும் தோட்டமானாலும், வீடும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கும் இடத்தில், பெண்ணின் புகார் வெளிவருவது கடினம் என்பதற்கு இது சான்றாகும்.

அம்மூதாட்டியும் அன்று இதையே இரண்டாவதாக வினவினார்: "புகார் செய்தால் வீட்டை விட்டு இவளைத் துரத்திவிடுவானே, ஐயா?" சட்டம் இங்கும் ஒரு வழி வைத்துள்ளது. நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும்போது, கணவனும் மனைவியும் வாழ்ந்த வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் மட்டுமே தங்கலாம்; கணவன் உள்ளே வரலாகாது என்று கட்டளையிட இயலும். வீடு யார் பெயரில் உள்ளது என்பது அதற்குத் தடையன்று. அதாவது, வெளியேற வேண்டியவன் அடித்தவனே, அடிபட்டவள் அல்லள்.

ஆயினும் மிகைப்படுத்திக் கூற நாம் விரும்பவில்லை. பாதுகாப்பு ஆணை 12 மாதம் வரைக்கும் செல்லும்; தேவையெனில் மேலும் 12 மாதம் நீட்டிக்கப்படலாம். அது வீட்டின் உடைமையை மாற்றுவதில்லை. கணவன் தோட்டத்து வேலையை விட்டே சென்றுவிட்டால், தோட்ட நிர்வாகம் வீட்டைத் திரும்பக் கேட்கும் நிலை எழலாம். ஆகவே மனைவியும் அத்தோட்டத்தின் தொழிலாளியாயின், வீட்டைத் தம் பெயரில் எழுதித் தருமாறு நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு வைப்பது அறிவுடைமை. இதில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளரின் துணையை நாடலாம். சம்பள உயர்வுக்காகப் பேசும் சங்கம் இதற்காகவும் பேசலாம் என்பது நம் கருத்து.

உதவி பெறும் முறையைக் கூறுவோம். உயிருக்கு ஆபத்தான வேளையில் 999 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். இரவு பகல் எந்நேரமும் 15999 என்னும் 'தாலியான் காசே' எண்ணையும் அழைக்கலாம். அது மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் உதவி எண்ணாகும். அடிபட்ட கர்ப்பிணி முதலில் செல்ல வேண்டிய இடம் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவே. அங்குச் சிகிச்சையளித்து, காயங்களை எழுத்தில் பதிந்து, காவல்துறையோடும் சமூக நல இலாகாவோடும் தொடர்புபடுத்தும் ஏற்பாடு உண்டு. வெவ்வேறு அலுவலகங்களுக்கு அலையாமல் ஒரே இடத்தில் உதவி கிடைக்கும் பொருட்டு, 1990-ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய முறை அது. "வழுக்கி விழுந்தேன்" என்று மருத்துவரிடம் கூறலாகாது. உண்மையைக் கூறினால்தான் வயிற்றினுள் உள்ள கேட்டை அவர் தேடிப் பார்ப்பார். பின்னர் வழக்குக்கும் அக்குறிப்பே சான்றாகும்.

2018-ஆம் ஆண்டு சனவரி முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை என்னும் ஓர் ஏற்பாடும் நடைமுறையில் உள்ளது. இதற்குக் காவல்துறைப் புகாரோ நீதிமன்றமோ தேவையில்லை. அதிகாரம் பெற்ற சமூக நல அதிகாரியிடம் விண்ணப்பித்தால், இரண்டு மணி நேரத்துக்குள் அவர் அதனைப் பிறப்பித்தல் வேண்டும். அது ஏழு நாள் செல்லும். அக்காலத்தில் கணவன் அவளைத் துன்புறுத்துவதோ, பிறரைத் தூண்டித் துன்புறுத்துவதோ, அவள் தஞ்சம் புகுந்த இடத்தினுள் நுழைவதோ குற்றமாகும். அந்த ஏழு நாளுக்குள் அவள் காவல் நிலையத்தில் புகார் செய்து, விசாரணைக் காலத்துக்குரிய இடைக்காலப் பாதுகாப்பு ஆணையை நீதிமன்றத்தின் மூலம் பெறலாம். வழக்குத் தொடங்கிய பின்னர்க் கிடைப்பதே நாம் மேலே கூறிய 12 மாத ஆணை. பாதுகாப்பு ஆணையை வன்முறையால் மீறுவோர்க்கு 4,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

காவல் நிலையம் தொலைவில் உள்ளதே, வண்டி இல்லையே என்று தோட்டத்துப் பெண்கள் கேட்பது நியாயமே. காவல்துறையினரும் சமூக நல அதிகாரியும் செய்ய வேண்டிய கடமைகளைச் சட்டம் வகுத்துள்ளது. அடிபட்டவளை மருத்துவமனைக்கோ புகலிடத்துக்கோ கொண்டு செல்ல வாகன ஏற்பாடு செய்வதும், அவள் தன் உடைமைகளை எடுத்துவர வீட்டுக்குத் துணையாகச் செல்வதும் அவற்றுள் அடங்கும். இதனைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கிளினிக்குப் புத்தகம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்னரே கொடுத்து வைத்திருப்பின், நள்ளிரவில் வெறுங்கையோடு வெளியேற நேரிடினும் இடர் குறையும்.

தண்டனையையும் கணவன்மார் அறிந்திருத்தல் நலம். காயம் விளைவிப்பதற்குத் தண்டனைச் சட்டம் 323-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. கொடுங்காயத்துக்கு 325-ஆம் பிரிவு ஏழாண்டு வரை விதிக்கிறது. அடித்தவன் கணவனாக இருப்பின், பின்னர்ச் சேர்க்கப்பட்ட 326-ஏ பிரிவு அச்சிறைக் காலத்தின் உச்ச அளவை இருமடங்காக்குகிறது. 'என் மனைவி, நான் அடிப்பேன்' என்னும் பேச்சைச் சட்டம் தலைகீழாக்கிவிட்டது. ஒரு பெண்ணின் சம்மதமின்றி வேண்டுமென்றே அவள் கருவைச் சிதைப்பவனுக்கு 313-ஆம் பிரிவு 20 ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

இறுதியாக, அடுத்த வீட்டார். இன்று ஜொகூரில் பல தோட்டங்களில் ரப்பர் மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. பழைய பலகை லயங்கள் பல மறைந்துவிட்டன. எனினும் தோட்டக் குடியிருப்பில் சுவருக்கு அப்பால் நடப்பது காதில் விழாமல் இருப்பதில்லை. ஒரு வீட்டில் பாத்திரம் உருண்டால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். "புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கேன் வம்பு" என்று வானொலியின் ஒலியைக் கூட்டிவைப்போர் உளர். தலையிட்டால் நம் மீதே வழக்குப் போடுவானோ என்று அஞ்சுவோரும் உளர். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவை இவர்கள் அறிதல் வேண்டும். வன்முறை நிகழ்கிறது என்று நம்பக் காரணமுடைய எவரும் அதனைக் காவல்துறைக்கோ சமூக நல அதிகாரிக்கோ தெரிவிக்கலாம். அவ்வாறு தெரிவித்தவர் மீது மானநட்ட வழக்கோ வேறு பொறுப்போ சாராது. கதவை உடைத்து உள்ளே புகுந்து சண்டையிட வேண்டிய தேவையில்லை. தொலைபேசியை எடுத்தால் போதும்.

அன்று மூதாட்டியோடு வந்த இளம்பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் நாம் 15999 என்று கூறியபோது, அவள் அவ்வெண்ணைத் தாழ்ந்த குரலில் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆண்கள் தேநீர் அருந்தித் திரும்பினர். மூதாட்டி அவளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். மண்டபத்து அறிவிப்புப் பலகையில், திருவிழாக் கணக்குக்கு அருகே அவ்வெண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுமாறு கோயில் செயலாளரிடம் கேட்டுக்கொண்டோம். அவர் உடனே ஒட்டினார்.